பெயர் வேறு, மருந்து ஒன்று

அடுகோடி மருந்துக்கடைகளில் காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் மருத்துவர் சீட்டின்றியே மாத்திரை கிடைக்கிறது. மாத்திரை அட்டையில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் ஆங்கிலம். அதனை வீட்டுப் பெரியோர்க்குப் படித்துச் சொல்பவர் பல இல்லங்களில் மாணவராகிய நீங்களே. எனவே அதில் எதைப் படிக்க வேண்டும் என்று அறிந்திருத்தல் நன்று.

அட்டையில் இரு பெயர்கள் இருக்கும். ஒன்று நிறுவனம் இட்ட வணிகப் பெயர். மற்றொன்று மருந்தின் பெயர். நாம் தேட வேண்டியது இரண்டாவதையே. டோலோ, குரோசின், கால்பால் ஆகிய மூன்றிலும் உள்ள மருந்து பாராசிட்டமால். நம் பெங்களூரு நிறுவனமான மைக்ரோ லேப்ஸ் தயாரிக்கும் டோலோ 650இல், அந்த எண் பாராசிட்டமாலின் மில்லிகிராம் அளவைக் குறிக்கிறது. காம்பிஃப்ளாமில் ஐபுபுரோஃபெனுடன் பாராசிட்டமாலும் உண்டு. சளி மாத்திரைகள் பலவற்றிலும் அது மறைந்திருக்கிறது.

நலமுள்ள பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4000 மில்லிகிராம். ஒருவர் காய்ச்சலுக்கு டோலோ 650ஐ நான்கு வேளை உட்கொள்கிறார், அது 2600. தும்மலுக்காக 500 மில்லிகிராம் பாராசிட்டமால் கலந்த சளி மாத்திரையை மூன்று வேளை சேர்க்கிறார், அது 1500. கூட்டினால் 4100! தாம் வரம்பைக் கடந்ததை அவர் அறியவே மாட்டார். சிறுவர்க்கு உரிய அளவு உடல் எடையைப் பொறுத்தது. அதனை மருத்துவரே கூற வேண்டும்.

பாராசிட்டமாலின் சிறு பகுதி கல்லீரலில் நச்சுப்பொருளாக மாறும். குளுட்டாதயோன் என்னும் பொருள் அந்நச்சை முறிக்கும். நாள்தோறும் மது அருந்துவோரின் கல்லீரலில் நச்சு மிகுதியாக உண்டாகும். முறிக்கும் பொருளோ குறைந்திருக்கும். பகலெல்லாம் கட்டட வேலை செய்து களைத்தவர், இரவில் மது அருந்தி, வலிக்கு மாத்திரையும் விழுங்குவது நாம் காணாத ஒன்றன்று. அவரைப் பழிப்பதற்காக இதைக் கூறவில்லை. வரம்புக்கு உட்பட்ட அளவுகூட அவருக்குத் தீங்காகலாம் என்பதை வீட்டார் அறிய வேண்டும்.

ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் ஆகியவை தாக்குவது இரைப்பையை. அவற்றுள் இரண்டைச் சேர்த்தாலும், ஒன்றை மதுவுடன் சேர்த்தாலும் இரைப்பையில் புண்ணும் குருதிக்கசிவும் நேரலாம். மலம் கரிய நிறமாவது அதன் அறிகுறி. டெங்குக் காய்ச்சலிலும் குருதிக்கசிவு நேரக்கூடும். ஆதலால் டெங்கு என்னும் ஐயம் இருந்தால் ஐபுபுரோஃபெனையும் ஆஸ்பிரினையும் தவிர்த்தல் வேண்டும்.

பாராசிட்டமால் அளவு மீறியவர் முதல் நாளில் நலமாகவே தோன்றலாம். மஞ்சள் காமாலை பின்னரே வெளிப்படும். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீனை எட்டு மணி நேரத்திற்குள் கொடுத்தால் மிகுந்த பயன் தரும். ஆகவே அறிகுறிக்குக் காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும். காலி அட்டையையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

பயிற்சி

1. வீட்டிலுள்ள மூன்று மாத்திரை அட்டைகளில் மருந்தின் பெயரையும் அளவையும் கண்டு தமிழில் எழுதுக.
2. டோலோ 650 உட்கொண்டவர் உடனே காம்பிஃப்ளாமும் கேட்கிறார். அவருக்கு நீங்கள் கூறும் மறுமொழியை ஐந்து வரிகளில் எழுதுக.