கான்டெசாவா, ஸ்டாண்டர்டு 2000-ஆ?

கல்யாண வீட்டுக்குப் போனால் கூட்டம் என் மச்சானுடைய ஸ்டாண்டர்டு 2000-ஐத்தான் சுற்றி நிற்கும். என் கான்டெசாவை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அழகுக்கு மார்க் போட்டால் அவர் வண்டிதான் ஜெயிக்கும், மறுக்கவில்லை. இங்கிலாந்தில் ரோவர் எஸ்டி1 என்ற பெயரில் 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் பட்டம் வாங்கிய உடம்பு அது. ஆனால் அங்கே 3.5 லிட்டர் வி8 உட்கார்ந்த இடத்தில், மெட்ராஸ் ஸ்டாண்டர்டு கம்பெனி 1985-ல் வைத்தது 40-களின் வேன்கார்டு கார் வழிவந்த 1991 சிசி எஞ்சின். சில வருஷத்திலேயே உற்பத்தி நின்றது. மிஞ்சிய பாகங்களை ரிம்மர் பிரதர்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி வாரிக்கொண்டு போனது. மெட்ராஸ் வண்டிக்கு மச்சான் சீமையிலிருந்து சாமான் வரவழைக்கிறார்!

கான்டெசாவும் சீமை உடம்புதான், வாக்ஸ்ஹால் விக்டர். வாங்கினால் இசுசு 1.8 எஞ்சின், 5 கியர் வண்டியாக வாங்குங்கள். ஆரம்பத்தில் வந்த 1489 சிசி, அம்பாசடர் எஞ்சின். அந்தக் கனத்தை இழுக்காது. இசுசு எஞ்சினைப் பிறகு அம்பாசடரிலும் வைத்தார்கள். அதனால் எந்தப் பழைய டாக்ஸி மெக்கானிக்கும் கை வைப்பார். கான்டெசா, ஸ்டாண்டர்டு 2000 இரண்டும் பின்சக்கர டிரைவ். கிளட்சை விடும்போது அடியில் 'டங்' என்றால் ஷாஃப்ட் கிராஸை மாற்றுங்கள். மழையில் வண்டலில் திருப்பும்போது பின்பக்கம் இழுக்கும். டிக்கியில் ஒரு நெல் மூட்டை போதும்.

என் காசைத் தின்றது எஞ்சின் இல்லை, துரு. நம் காரைக்காலில் கடல் காற்று சும்மா விடுமா? பெயர் வேண்டாம், ஒரு பட்டறைக்காரர், "அடியில கறுப்புப் பூச்சு அடிச்சிட்டா பத்து வருஷம் கவலையில்ல சார்" என்றார். துருவைச் சுரண்டாமலே மேலே அடித்திருக்கிறார். ஒருநாள் டயர் மாற்ற ஜாக்கி கொடுத்தேன். வண்டி எழும்பவில்லை, ஜாக்கிதான் உள்ளே போனது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டியில் கறுப்புத் தோல் மட்டும் தொங்க, உள்ளே இரும்பு பொரித்த அப்பளமாக நொறுங்கிக் கொட்டியது. இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. பாரம் முழுக்க அந்தத் தகடுகள்மேல்தான். வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்த செலவு, வண்டி வாங்கிய விலையைத் தாண்டிவிட்டது. கேட்டால், "உப்புக் காத்து சார், நாங்க என்ன பண்றது?" என்கிறார். அந்தக் காற்று அவர் பூச்சு அடித்த அன்றைக்கும் வீசியதுதானே!

ஆகவே வாங்கும்முன் ஸ்குரூடிரைவரால் அடியை நீங்களே குத்திப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பளபளவென்று இரும்பு தெரியும்வரை சுரண்டி, ஜிங்க் பிரைமர் அடித்து, அப்புறம் பூச்சு. கதவின் அடி ஓட்டைகளை ஈர்க்குச்சியால் குத்தி விடுங்கள். தண்ணீர் தேங்குவது அங்கேதான். போர் தண்ணீர் உப்பென்றால் அதில் கழுவவே கழுவாதீர்கள்.

ஆர்சி விஷயம் எல்லாருக்கும் தெரிந்தது. நண்டலாறு தாண்டினால் தமிழ்நாடு. டிஎன் வண்டியை வாங்கி பிஒய் 02-க்கு மாற்ற என்ஓசி வேண்டும். 15 வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022-ல் 600-லிருந்து 5,000 ரூபாயானது.

இதற்கப்புறமும் ஸ்டாண்டர்டு 2000-தான் வேண்டுமென்றால் முன்கண்ணாடியும் பின்லைட்டும் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். மச்சான் வண்டியில் இடதுபக்கப் பின்லைட் ஒட்டுப்போட்டது. இப்போது அந்த வண்டியை விற்கப் பார்க்கிறார்.