ஒரு டப்பாவுக்குள் மூவர்

‘தற்காலிகம்’ என்ற சொல்தான் இத்தனை குழப்பத்துக்கும் மூலம். குவில்ட் தைப்பவர்கள் மேல்துணி, நடுவே பேட்டிங் எனப்படும் பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்றும் நகராமலிருக்க முன்பெல்லாம் மணிக்கணக்கில் இழையோட்டினார்கள், அல்லது நூற்றுக்கணக்கில் ஊக்கு குத்தினார்கள். இப்போது தற்காலிகப் பசை ஸ்பிரேயை அடித்துவிட்டு நேரே தையல் மெஷினில் உட்கார்கிறார்கள். அது தானாகப் பறந்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்பது ஒரு கட்சி. அது விஷம், மெஷினையும் மூச்சையும் சேர்த்துக் கெடுக்கும் என்பது எதிர்க்கட்சி. இரண்டும் ஒரே பிழையைத்தான் செய்கின்றன: டப்பாவுக்குள் இருப்பதை ஒரே சரக்காக நினைக்கின்றன. உள்ளே இருப்பவர் மூவர். வெளியே தள்ளும் வாயு, பசையைக் கரைத்து வைத்திருக்கும் கரைப்பான், பசை. எந்த நம்பிக்கையைக் கேட்டாலும், இது இம்மூவரில் யாரைப் பற்றியது என்று முதலில் கேட்டுவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

‘தானாகப் பறந்துவிடும்’ என்பது வாயுவுக்கும் கரைப்பானுக்கும் பொருந்தும். துணி தொட்டால் உலர்ந்திருக்கிறது என்றால் அவை பெரும்பாலும் போய்விட்டன என்று பொருள். பசை அங்கேயேதான் இருக்கிறது. இல்லையென்றால் துணி எப்படி ஒட்டிக்கொண்டு நிற்கும்? சில வகைகளில் ஒட்டும் தன்மை சில நாட்களில் தளர்ந்துவிடும். பலவற்றில் துவைத்தால்தான் போகும். ஆகவே துவைக்கப்போகும் போர்வைக்கு இது கவலையே இல்லை. சுவரில் மாட்டிவைக்கும் குவில்ட், சாயம் போகும் பழம்பட்டு, பாட்டி காலத்துத் துணி ஆகியவற்றின் கதை வேறு. ரப்பர் வகைப் பசைகள் வயதாக ஆக மஞ்சளித்து இறுகும் என்பது பழைய செல்லோ டேப்பைப் பார்த்தாலே தெரியும். துவைக்க முடியாததை ஊசி நூலால் பிடித்துவைப்பதே புத்தி. துவைப்பதற்கு முன் சூடாக இஸ்திரி போடுவதும் வேண்டாம். போட்டே ஆகவேண்டும் என்றால் ஒரு துண்டுத் துணியில் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஊசியில் பிசுபிசுப்பு ஏறி நூல் அறுகிறது என்ற புகார் பொய்யில்லை. ஆனால் காரணம் பெரும்பாலும் கை. ஓர் அடி தள்ளிப் பிடித்து, பஞ்சு விரிப்பின் மேல் மெல்லிய பனிபோல அடித்து, உலரவிட்டுத் தைத்தால் ஊசிக்கு வேலை குறைவு. ஈரம் சொட்ட அடித்தால் எந்த ஊசியும் திணறும். ஏறிய பிசினை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிடலாம், முடியாவிட்டால் ஊசியை மாற்றிவிடலாம். மெஷினுக்கு உண்மையான எதிரி வேறு: அதன் அருகிலேயே நின்று அடிப்பது. காற்றில் மிதக்கும் துளிகள் எண்ணெயிட்ட பாகங்களில் போய் உட்காரும். சோபா, ஃபோம் வேலைக்கான நிரந்தரப் பசையை வாங்கிவந்து துணியில் அடித்துவிட்டு, தற்காலிகப் பசையைத் திட்டுவோரும் இருக்கிறார்கள். அதற்கு எந்தப் பத்தியிலும் மருந்தில்லை.

இனி ‘விஷம்’. இந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1973 ஆகஸ்டில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சில ஸ்பிரே பசைகளைத் தடை செய்தது. அவை குரோமோசோம்களைச் சிதைக்கின்றன என்று ஓர் ஆய்வாளர் கருதியதே காரணம். மற்ற வல்லுநர்கள் சரிபார்த்தபோது அது உறுதிப்படவில்லை. 1974-இல் தடை விலக்கப்பட்டது. அதனால் ஆவி அப்பாவி என்று முடிவுகட்டிவிட முடியாது. 1960-களில் ஜப்பானில் வினைல் செருப்பு ஒட்டியவர்கள் பசையிலிருந்த ஹெக்சேன் ஆவியை அடைத்த அறைகளில் நாள்தோறும் சுவாசித்தார்கள். கைகால் மரத்தது, நடை தளர்ந்தது. குற்றவாளி பசையல்ல, கரைப்பான். கூட்டாளிகள் அடைத்த அறையும் நீண்ட நேரமும். ‘மாதம் ஒருமுறை இரண்டு நிமிடம் அடிப்பவருக்கு இதெல்லாம் எதற்கு?’ என்று கேட்கலாம். நியாயம்தான், அவருக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆனால் ஆர்டர் எடுத்துத் தினமும் தைப்பவரும் ஆஸ்துமாக்காரரும் அதே கணக்கில் வரமாட்டார்கள். ‘வாசனையே இல்லாத டப்பா’ என்ற ஆறுதலும் செல்லாது. மூக்கு ஆவியை அளக்கும் கருவியல்ல. துணி முகக்கவசம் துளிகளைக் கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி உள்ள கவசம் வேண்டும், அல்லது திறந்த வெளி.

திறந்த வெளி என்று சொல்வதற்கு வாயுவும் ஒரு காரணம். பல டப்பாக்களில் உந்துவது புரொப்பேன், பியூட்டேன், அதாவது நம் சமையல் சிலிண்டரில் இருக்கும் அதே குடும்பம். அது கசிந்தால் தரையோடு படியும் என்பது அடுப்பு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஸ்பிரே என்றதும் மறந்துவிடுகிறோம். மேலே உள்ள ஜன்னலை மட்டும் திறந்துவைத்து, கீழே குத்துவிளக்கு எரிய அடிப்பது சரியல்ல. தண்ணீரில் கழுவினால் போகும் பசை என்பதால் ஆவி எரியாது என்று நினைப்பவர்கள் இங்கும் இருவரைக் குழப்புகிறார்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் டப்பாவை விட்டுவைக்கவும் கூடாது. ஓசோன் ஓட்டை? அது பழைய பாக்கி. ஸ்பிரே டப்பாக்களில் குளோரோஃபுளோரோகார்பனை அமெரிக்கா 1978-இலேயே பெரும்பாலும் நிறுத்திவிட்டது; 1987-இன் மான்ட்ரியல் ஒப்பந்தம் உலகையே அந்த வழிக்குக் கொண்டுவந்தது.

‘இவ்வளவு தொல்லைக்குக் கஞ்சியே போதுமே’ என்பது நான் மதிக்கும் எதிர்வாதம். மாவுப் பசையால் ஒட்டி, உலர்ந்தபின் தைத்து, துவைத்துவிடும் முறை குவில்ட்காரர்களிடமும் உண்டு. அதில் கரைப்பானும் இல்லை, உந்தும் வாயுவும் இல்லை. மூன்றாமவர் மட்டும் மிஞ்சுகிறார். அவரும் துணியில் தங்கிவிட்டால் வெள்ளிமீன் பூச்சிக்கு விருந்து.