எழுத்துக் கூட்டும் குழந்தைக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி: என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்கிறாள். சேர்த்து வாசிக்கத் திணறுகிறாள். ன, ண, ந வேறுபாடும் பிடிபடவில்லை. எப்படிப் பழக்குவது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: 247 எழுத்துகளும் மனப்பாடமாகட்டும் என்று காத்திருக்காதீர்கள், அம்மா. ட, ப, ம மூன்றும், மேலே வைக்கும் புள்ளியும் தெரிந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் என நான்கு சொற்கள் கிடைத்துவிடும். பழைய காலண்டர் தாளின் பின்புறம் எழுத்துகளை எழுதி வெட்டிக் கொடுங்கள். அவளே அடுக்கி, விரல் வைத்து வாசிக்கட்டும். திணறினால் உடனே சொல்லிக் கொடுக்காமல் சற்றுப் பொறுத்திருங்கள்.

ன, ண, ந குழப்பத்துக்குத் தமிழே வழி வைத்திருக்கிறது. வண்டி, பந்து, கன்று ஆகிய சொற்களைப் பாருங்கள். 'ட'வுக்கு முன் ண், 'த'வுக்கு முன் ந், 'ற'வுக்கு முன் ன். அதனால்தான் டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்கிறோம். இந்த மூன்று சொற்களையும் சுவரில் ஒட்டி வையுங்கள்.

தினமும் பத்து நிமிடம் போதும். பிழையைச் சிவப்பு மையால் சுழிக்காதீர்கள்; சரியான சொல்லைப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். இரவில் மடியில் வைத்து ஒரு கதை வாசியுங்கள். வாசிப்பின் மேல் ஆசை அங்கேதான் பிறக்கும்.