சிப்பாயின் மனத்துக்கும் ஒரு பயிற்சி

இராணுவ வீரன் என்றதும் நம் கண்முன் தோன்றுவது என்ன? முறுக்கேறிய தோள், பளபளக்கும் சப்பாத்து, அதிகாலை ஓட்டம். நம் வளாகத்திலும் வார இறுதிகளில் பாலாப்பேஸ் சீருடையில் வெயிலில் அணிவகுத்து நிற்கும் நண்பர்களைப் பார்க்கிறோம். உடலைப் பதப்படுத்தும் பயிற்சி கண்ணுக்குத் தெரிகிறது. மனத்தையும் அவ்வாறு பதப்படுத்த முடியுமா? முடியும் என்றால் அதை யார், எப்படிக் கற்பிப்பது? இக்கேள்விக்குப் பெரும் பொருட்செலவில் விடை தேடிய நாடு அமெரிக்கா. உளவியல் மாணவி என்ற முறையில் அப்பயிற்சியைப் பற்றிப் படித்தபோது எனக்கு வியப்பும் எழுந்தது, ஐயமும் எழுந்தது. இரண்டையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். இப்பயிற்சியை ‘மனவுறுதிப் பயிற்சி’ என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் மனவுறுதி என்றதும் அசையாத பாறைதான் நினைவுக்கு வருகிறது. உளவியலார் கருதுவது அதுவன்று. அழுத்தினால் வளையும்; விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை ரப்பரைக் காட்டி விளக்க வேண்டியதில்லை. எனவே ‘மீள்திறன்’ என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன். மனம் வளையும் என்பதை ஒப்புக்கொள்ளும் சொல் இது.

நாய்களும் கையறுநிலையும்

கதை ஓர் ஆய்வுக்கூடத்தில் தொடங்குகிறது. 1967-ஆம் ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்னும் இரு இளம் ஆய்வாளர்கள் நாய்களுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துச் சோதித்தனர். ஒரு பிரிவு நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். மற்றொரு பிரிவு என்ன செய்தாலும் நிற்காது. பிறகு எல்லா நாய்களையும் தாழ்வான தடுப்புள்ள பெட்டியில் விட்டனர். ஒரு தாவு தாவினால் தப்பிவிடலாம். முதல் பிரிவு தாவியது. இரண்டாம் பிரிவில் பெரும்பாலானவை முயற்சி செய்யாமலே படுத்துவிட்டன. (இன்று இத்தகைய சோதனைக்கு எந்தப் பல்கலைக்கழகமும் எளிதில் அனுமதி தராது. படிக்கும்போது எனக்கும் வருத்தமாகவே இருந்தது.)

இந்நிலைக்கு அவர்கள் சூட்டிய பெயரைத் தமிழில் ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ எனலாம். கையறுநிலை நமக்குப் பழகிய சொல்தான். தலைவன் மாண்டபின் செய்வதறியாது புலம்பும் புறத்துறைக்கு அதுவே பெயர்.

கையறுநிலையைக் கற்க முடியும் என்றால் அதற்கு எதிரானதையும் கற்பிக்கலாம் அல்லவா? இவ்வெண்ணத்தில் 1990-களில் செலிக்மனும் கேரன் ரைவிச் முதலான அவருடைய சகாக்களும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனச்சோர்வைத் தடுக்கும் பாடத்திட்டம் ஒன்றை உருவாக்கினர். 2009-இல் அதைப் பற்றிய 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிள்ளைகளிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்திருந்தன. ஆனால் அந்தப் பயன் சிறியது. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பள்ளியிலிருந்து பாசறைக்கு

அமெரிக்கப் படைகள் 2001-இல் ஆப்கானிஸ்தானுக்கும் 2003-இல் ஈராக்குக்கும் சென்றன. போர் முடிவதாக இல்லை. வீடு திரும்பியவர்களிடையே மனநோயும் தற்கொலையும் பெருகின. 2008-இல் தரைப்படைத் தளபதி ஜோர்ஜ் கேசி செலிக்மனை அழைத்துப் பேசினார். நோய் வந்தபின் மருத்துவரைத் தேடுவதற்குப் பதிலாக, வருமுன் எல்லாச் சிப்பாய்களுக்கும் மீள்திறனைக் கற்பிக்கலாம் என்று முடிவாயிற்று. 2009-இல் திட்டம் தொடங்கியது. பதினொரு இலட்சம் படைவீரர்களுக்கென ஏறத்தாழ 12 கோடியே 50 இலட்சம் டாலர் செலவிடத் திட்டமிடப்பட்டது.

இத்தனை பேருக்கு உளவியலாளர்களே கற்பிக்க இயலாது. ஆகவே சார்ஜன்கள் பத்து நாள் பயிற்சி பெற்று, தம் கீழ் உள்ளவர்களுக்குத் தாமே ஆசிரியராயினர். இது மிகச் சிறந்த ஏற்பாடு என்பது என் கருத்து. வெள்ளை அங்கி அணிந்தவர் சொன்னால் ‘எனக்கென்ன பைத்தியமா?’ என்று கேட்கும் சிப்பாய், தன்னோடு மண்ணில் புரண்ட சார்ஜன் சொன்னால் காது கொடுப்பான்.

அப்படி என்னதான் கற்பித்தார்கள்? அடிப்படைப் பாடம் உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் வகுத்த வழியில் வந்தது. நிகழ்வு வேறு, அந்நிகழ்வைப் பற்றிய நம் எண்ணம் வேறு, அதன்பின் வரும் உணர்ச்சியும் செயலும் வேறு. நாமோ நிகழ்வுதான் நேராக நம்மை வாட்டுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். இடையில் நிற்கும் எண்ணத்தைப் பிடித்து நிறுத்திப் பார்க்கப் பழகுவதே பயிற்சி.

என் அனுபவத்தையே கூறுகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று தேசிய இடைநிலைப்பள்ளியில் காலடி வைத்த முதல் வாரம். ஆசிரியர் மலாயில் ஒரு கேள்வி கேட்டார். விடை தெரியும்; வாய் திறக்கவில்லை. வகுப்பில் யாரோ சிரித்தார்கள். அன்று முதல் பல மாதங்கள் நான் கையை உயர்த்தவே இல்லை. நிகழ்வு, ஒரு சிரிப்பு. ‘நான் இங்கே இருக்கத் தகுதியில்லாதவள்’ என்பது எண்ணம். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பது பல்கலைக்கழகத்தில் இப்பாடத்தைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

இன்னொரு பாடம், நடக்கக்கூடியவற்றை வரிசைப்படுத்துவது. வீட்டுக்குத் தொலைபேசி செய்கிறான் சிப்பாய். மனைவி எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். மனம் உடனே விபத்து, பிரிவு என்று பாயும். அந்தப் படுமோசமான கற்பனையை முதலில் முழுதாக எழுதிவிட வேண்டும். அடுத்து, அதே அளவுக்கு நம்பமுடியாத நல்ல கற்பனை ஒன்று. அதன் பிறகே, பெரும்பாலும் நடந்திருக்கக்கூடியது எது என்று யோசிக்க வேண்டும். அவள் கடைக்குப் போயிருப்பாள்! அன்றாடம் நடந்த நல்லவற்றைத் தேடிக் குறித்துவைப்பது, தோழன் நற்செய்தி சொன்னால் முகம் கொடுத்து மேலும் விசாரிப்பது என்று வேறு பாடங்களும் உண்டு.

இதற்கு முன்பே வால்டர் ரீட் இராணுவ ஆய்வு நிலையம் ‘பேட்டில்மைண்ட்’ என்ற பயிற்சியை உருவாக்கியிருந்தது. எனக்கு அதுவே அதிகம் பிடித்திருக்கிறது. போர்க்களத்தில் உயிர் காத்த பழக்கமே வீட்டில் வினையாகும் என்பது அதன் மையக் கருத்து. ஈராக்கில் சாலையோரக் குண்டுக்கு அஞ்சி நடுச்சாலையில் வேகமாக ஓட்டியவன், ஊரில் அப்படியே ஓட்டினால் என்ன ஆகும்? களத்தில் உணர்ச்சியை அடக்கத் தெரிந்தவன் வீட்டில் மனைவிக்குக் கல்லாகத் தெரிவான். இப்பயிற்சி சிப்பாயைக் குறை சொல்லவில்லை. அவனிடம் இருக்கும் திறனை இடமறிந்து பயன்படுத்தச் சொல்கிறது. ஈராக்கிலிருந்து திரும்பிய ஈராயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. கடும் சண்டையைக் கண்டவர்களில் இம்முறையில் பயிற்சி பெற்றவர்களிடம் சில மாதங்களுக்குப் பின் மன உளைச்சலின் அறிகுறிகள் குறைவாக இருந்தன.

ஐயங்கள்

இனி என் ஐயத்துக்கு வருகிறேன். பள்ளிப் பிள்ளைகளிடமே சிறு பயன் தந்த பாடத்தை, முன்னோட்டம் பார்க்காமல் ஒரு படை முழுவதற்கும் கொடுக்கலாமா? 2011-இல் ராய் ஐடெல்சன் முதலிய உளவியலாளர்கள் இதைத்தான் கேட்டனர். சிப்பாயின் சம்மதம் கேட்கப்படாத மாபெரும் சோதனை இது என்றும் குற்றஞ்சாட்டினர். ஆன்மிக வலிமையை அளக்கும் கேள்விகளில் தங்களுக்குக் குறைந்த புள்ளி கிடைக்கிறது என்று கடவுள் நம்பிக்கையற்ற சிப்பாய்கள் முறையிட்டனர். 2014-இல் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் வெளியிட்ட அறிக்கை, இத்திட்டத்தால் ஏற்பட்ட மாற்றம் நடைமுறையில் பொருட்படுத்தத்தக்க அளவில் இல்லை என்று கருதியது.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. 2016-இல் செலிக்மனும் மையரும் தம் பழைய கோட்பாட்டைத் தாமே திருத்தினர். துன்பம் நீடித்தால் செயலற்றுப்போவது உயிரின் இயல்பு. அதைக் கற்க வேண்டியதில்லை. ‘இது என் கட்டுப்பாட்டில் இருக்கிறது’ என்பதே கற்றுக்கொள்ளப்படுவது என்றனர். அப்படியானால் சிப்பாயின் கட்டுப்பாட்டில் இருப்பது என்ன? எண்ணத்தை அவன் திருத்தலாம். எத்தனை முறை போருக்குப் போவது, எத்தனை மாதம் அங்கே இருப்பது என்பதை அவன் தீர்மானிக்க முடியாது. 2007-இல் ஈராக்கில் அமெரிக்கப் படையே எடுத்த கணக்கெடுப்பில், சார்ஜன் போன்ற நிலையில் உள்ளவர்களில் முதல் முறை சென்றவர்களிடம் ஏறக்குறைய 12 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் காணப்பட்டது. மூன்றாம், நான்காம் முறை சென்றவர்களிடம் அது 27 விழுக்காடு. பின்னாளில் மீள்திறன் ஆசிரியராக அமர்த்தப்பட்டவர்களும் இதே நிலையில் உள்ளவர்களே.

அந்த 2007-ஆம் ஆண்டில்தான் களத்தில் இருக்கும் காலம் 12 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டப்பட்டது. 2008 ஆகஸ்டு முதல் அது மீண்டும் 12 மாதமானது. 2012 முதல் பெரும்பாலோருக்கு 9 மாதமாகக் குறைந்தது. இந்தக் குறைப்புக்காக எந்தச் சிப்பாயும் வகுப்பில் உட்கார வேண்டியிருக்கவில்லை.