நியாயமான கூலி எது?



வேலை செய்தவனுக்குக் கூலி கொடாமற்போவது பரலோகத்தை நோக்கி முறையிடும் நான்கு பாவங்களில் ஒன்றென்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். கொடாமற்போனால் பாவம், சரி. குறைத்துக் கொடுத்தால்?

நம் ஊரில் ஒரே வீட்டில் தகப்பன் மரக்காணம் உப்பளத்துக்கும், தாய் தோட்ட வேலைக்கும், மகன் புதுவைக் கம்பெனிக்கும் போவதுண்டு. எல்லாருக்கும் ஒரே சம்பளம் வேண்டுமென்று திருச்சபை போதிக்கவில்லை. ஆனால் எந்தக் கூலிக்கும் பொதுவான சில அளவுகோல்களைத் தந்திருக்கிறது.

முதலாவது, சம்மதம் மட்டும் போதாது. பசிக்குப் பயந்து குறைந்த கூலிக்கு இசைகிறவன் மனதார இசையவில்லை, பலவந்தத்துக்கே உட்படுகிறான் என்று 1891-ல் பாப்பானவர் 13-ம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றிய தமது நிருபத்தில் போதித்தார். நம் தேசத்தின் 1948-ம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அத்தகைய ஒப்பந்தம் செல்லாதென்றே விதித்தது.

இரண்டாவது, அந்தக் கூலியால் குடும்பம் பிழைக்க வேண்டும். இது 1931-ல் 11-ம் பத்திநாதர் வற்புறுத்திய போதனை. இங்கே நாட்கணக்கு நம்மை ஏமாற்றும். ஐப்பசி மழை இறங்கினால் உப்புப் பாத்திகள் மூழ்கிவிடும். மழை ஓய்ந்து, பாத்தியை மிதித்துச் செப்பனிட்ட பிறகே மறுபடி உப்பு விளையும். ஆகையால் உப்பளக் கூலியைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பங்கிட்டுப் பாருங்கள். அடுப்பு எரிய வேண்டியது வருஷம் முழுவதும் அல்லவா?

மூன்றாவது, ஒரே வேலைக்கு ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கொரு கூலி தகாது. 1976-ம் வருஷத்துச் சட்டம் இதைத் தடுத்தது. 2019-ம் வருஷத்து ஊதியச் சட்டத் தொகுப்பும் தடுக்கிறது.

முதலாளிக்கும் நியாயமுண்டு. தொழில் தாங்காத கூலியைக் கேட்டுத் தொழிலையே மூடச் செய்வது தவறென்று அதே பத்திநாதர் சொன்னார். ஆனால் முதலாளியின் அசட்டையால் லாபம் குறைந்தால் அதைக் கூலியில் பிடிக்கலாகாது என்றும் சொன்னார்.

முதலாளி என்றதும் உப்பளக் குத்தகைதாரரை மாத்திரம் நினைக்க வேண்டாம். பாத்திரம் துலக்க வருகிறவளுக்கும், களை பறிக்க வருகிறவளுக்கும் நாமே முதலாளிகள். கோயிலும் ஒரு முதலாளிதான். நம் கோயில்பிள்ளையின் சம்பளத்தை இந்த அளவுகோலால் அளந்து பார்த்தேன், போதவில்லை. அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் அதையே முதலாவதாக வைக்கிறேன். நீங்களும் இன்றிரவு உங்கள் வீட்டுக் கணக்கை எடுத்துப் பாருங்கள்.