பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி: இடமறிதலும் தெரிவு செய்தலும்



விதை, பசளை, பீடை என்பன பற்றியே வழக்கமாக உரைக்கும் இப்பிரசுர வரிசையில் பிள்ளைகளின் தொழிற்பயிற்சி பற்றி எழுதுவது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆயினும் இதுவும் கமத்தைச் சார்ந்த விடயமே.

கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களைச் சேர்ந்த ஒருவருக்கு வட்டையிலே மூன்று ஏக்கர் வயல் உண்டு எனக் கொள்வோம். அதனை நான்கு பங்காக்கினால் ஒரு பங்கு முக்கால் ஏக்கர் ஆகும். பெரும்போகம், சிறுபோகம் ஆகிய இரண்டிலும் தவறாது வேளாண்மை செய்தாலும், முக்கால் ஏக்கர் நிலம் ஒரு குடும்பத்தை ஆண்டு முழுவதும் தாங்குவது அரிது. நம் முன்னோர் காலத்தில் இக்குறையைத் தீர்க்கப் புதுநிலம் கிடைத்தது. 1949ஆம் ஆண்டு தொடங்கிய கல்லோயாத் திட்டமும், இங்கினியாகலையில் எழுந்த அணைக்கட்டும் நீரைப் பெருக்கின. நீர் பாயுமிடமெல்லாம் வயலாயிற்று. இன்று அவ்வாறு திருத்துதற்குரிய நிலம் எஞ்சியிருக்கவில்லை. முன்னர் பலர் கூடி நின்று வெட்டிய வயலை இன்று அறுவடை இயந்திரம் சிறிது நேரத்தில் வெட்டி முடிக்கின்றது. ஆகவே, வயலிற் கூலிவேலையும் குறைந்துவிட்டது.

இந்நிலையில், வயலைக் கூறுபோடாது ஒரு பிள்ளை பொறுப்பேற்றுச் செய்யவும், ஏனைய பிள்ளைகள் ஒவ்வொரு தொழிலைக் கைக்கொண்டு வாழவும் வழி காண்பது பெற்றோரின் கடமையாகும். அவ்வழியை எங்கே தேடுவது, தேடும்போது எதனைக் கவனிப்பது என்பவற்றை இங்கே கூறுவோம்.

1. அண்மையிலுள்ள நிலையங்கள்

பயிற்சி என்றதும் கொழும்பை நினைப்போர் பலர். கரையோரத்து ஊர்களிலிருந்து காலையிற் சென்று மாலையில் வீடு திரும்பத்தக்க தூரத்திலேயே பல நிலையங்கள் உள்ளன.

தொழில்நுட்பக் கல்வி பயிற்சித் திணைக்களத்தின் தொழில்நுட்பக் கல்லூரிகள் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் உள்ளன. 1995ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நிறுவப்பெற்ற இலங்கை தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையம் நிந்தவூரில் உண்டு. வேலைத்தலத்திலே பணிசெய்துகொண்டே தொழில் பயில விரும்புவோருக்கு, நைற்றா என வழங்கும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை வழிசெய்கின்றது.

க.பொ.த. உயர்தரம் சித்தியடைந்தோருக்குச் சம்மாந்துறையில் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம் உண்டு. அம்பாறை நகரிலுள்ள ஹாடி நிறுவனம் 1950களில், கல்லோயா அபிவிருத்தி நடைபெற்ற காலத்தில் தோன்றியது. அங்கே விவசாயத்திலும் உயர்தேசிய டிப்ளோமாப் பாடநெறி உண்டு. இவ்விரு நிறுவனங்களின் டிப்ளோமாப் பாடநெறிகள் ஆங்கில மொழியில் நடைபெறுவன. ஆகையால் பிள்ளையின் ஆங்கில அறிவை முன்னரே வளர்த்தல் வேண்டும். ஒலுவிலில் 1995ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996ஆம் ஆண்டு முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் யாவரும் அறிந்ததே. ஆசிரியத் தொழிலை நாடுவோருக்கு அட்டாளைச்சேனையில் தேசிய கல்விக் கல்லூரி உண்டு.

வயலைப் பொறுப்பேற்கும் பிள்ளைக்குப் பயிற்சி வேண்டியதில்லை என எண்ணுதல் கூடாது. பாலமுனையில் விவசாயப் பயிற்சி நிலையம் உண்டு. சம்மாந்துறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் உண்டு. வவுனியா விவசாயப் பாடசாலையில் தமிழ்மொழி மூலம் விவசாய டிப்ளோமா பயிலலாம். நாற்றுமேடை அமைத்தல், விவசாய இயந்திரம் திருத்துதல், வயலுதவியாளர் பணி என்பனவும் இன்று சான்றிதழ் பெறத்தக்க தொழில்களே. அறுவடைக் காலத்தில் இயந்திரம் பழுதாகி, திருத்துவோரைத் தேடி ஒரு நாள் வீணாகும்போது, கதிரிலிருந்து நெல் உதிர்ந்து போவதைக் கண்டவர் இத்தொழிலின் பயனை நன்கறிவர்.

2. படிமுறை ஏழு

என்.வீ.கியூ. என மக்கள் வழங்கும் தேசிய தொழிற்றகைமை ஏழு படிகளையுடையது. முதல் நான்கு படிகள் சான்றிதழ்ப் படிகள். ஐந்தாம் படி தேசிய டிப்ளோமா. ஆறாம் படி உயர் டிப்ளோமா. ஏழாம் படி பட்டம். நான்காம் படியை எய்தியவர் தம் தொழிலைப் பெரும்பாலும் பிறர் துணையின்றிச் செய்யத்தக்க தேர்ச்சியாளராகக் கொள்ளப்படுவர்.

இப்படிமுறையின் பெரும் பயன் யாதெனின், சாதாரண தரத்திலே போதிய சித்தி பெறாத பிள்ளைக்கும் மேலே செல்லும் வழி அடைபடுவதில்லை என்பதாம். மூன்றாம், நான்காம் படிகளை முடித்தவர், உரிய நிபந்தனைகளை நிறைவேற்றி ஐந்தாம் படிக்குச் செல்லலாம். அதன்மேல், 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பெற்று இரத்மலானையில் இயங்கும் தொழில்நுட்பவியற் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெறவும் வழியுண்டு. பரீட்சையில் ஒருமுறை தவறியமையால் பிள்ளையை வீட்டில் இருத்திவிடுதல், முளைப்பு ஓரிடத்திற் குறைந்தமைக்காக வயல் முழுவதையும் தரிசாக விடுவதை ஒக்கும்.

3. பதிவு வேறு, அங்கீகாரம் வேறு

இப்பிரசுரத்தில் முக்கியமாகக் கவனிக்கத்தக்க பகுதி இதுவேயாகும்.

பெரும்போக அறுவடை முடிந்து, நெல் விற்ற பணம் கையிலிருக்கும் காலத்திற் பெற்றோர் பலர் பாடநெறிக் கட்டணம் செலுத்துகின்றனர். அழகிய பெயர்ப்பலகையையும் விளம்பரத்தையும் கண்டு, ஒரு போகத்தின் இலாபம் முழுவதையும் ஒரே நாளிற் கொடுத்துவிடுவோரும் உளர். ஓராண்டு கழிந்து, பிள்ளை தன் சான்றிதழோடு வேலை தேடிச் செல்லும்போதுதான், அச்சான்றிதழ் அரசினால் ஏற்கப்பட்டதன்று எனத் தெரியவருகின்றது. போன பணத்தை அடுத்த போகத்தில் உழைக்கலாம். பிள்ளையின் ஓராண்டை எப்போகத்திலும் மீட்க முடியாது.

விதைநெல் வாங்கும்போது நாம் என்ன செய்கின்றோம்? மூடையின் நிறத்தையும் விற்பவரின் பேச்சையும் மாத்திரம் நம்புவதில்லை. அத்தாட்சிப்படுத்திய விதைக்குரிய சிட்டை தைக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்கின்றோம். அச்சிட்டை எந்த இனத்துக்குரியது என்பதையும் வாசிக்கின்றோம். பயிற்சி நிலையத்திலும் அவ்வாறே இரண்டு விடயங்களைப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, நிலையத்தின் பதிவு. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் வாழ்க்கைத் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்நிலையம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும்.

இரண்டாவது, பாடநெறியின் அங்கீகாரம். பதிவு பெற்ற நிலையத்திற் கற்பிக்கப்படும் பாடநெறிகள் யாவும் தேசிய தொழிற்றகைமைக்கு உரியன ஆகா. ஒரே நிலையத்தில் ஒரு பாடநெறி அங்கீகாரம் பெற்றதாகவும், மற்றொன்று பெறாததாகவும் இருக்கக்கூடும். "நாங்கள் அரசிற் பதிவு பெற்றவர்கள்" என்னும் விடையோடு திருப்தியடையாது, "என் பிள்ளை பயிலப்போகும் இப்பாடநெறி எத்தனையாம் படிக்குரியது? அதற்கு அங்கீகாரம் உண்டா?" என வினவுக. விடையை எழுத்திற் பெறுக.

பதிவு பெற்ற நிலையங்களின் விவரம் அவ்வாணைக்குழுவின் இணையத்தளத்தில் உண்டு. இணையத்தளம் பார்க்கத் தெரியாதோர் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு பார்க்கலாம். அல்லது 1919 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்து, அரசாங்கத் தகவல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

4. தொழில் தெரிந்தும் சான்றிதழ் இல்லாதோர்

மேசன் வேலை, தச்சுவேலை, மின்னிணைப்பு, உழவு இயந்திரம் திருத்துதல் முதலியவற்றை ஒரு பாஸிடம் நின்று பல ஆண்டுகள் பழகிய இளைஞர் ஒவ்வோர் ஊரிலும் உளர். கை தேர்ந்திருந்தும் காட்டுவதற்குத் தாளொன்று இல்லாமையால், வெளிநாடு செல்லும்போது வெறுந்தொழிலாளியின் சம்பளத்திற்கு உடன்படுகின்றனர். இத்தகையோர் மீண்டும் வகுப்பில் அமரவேண்டியதில்லை. முன்கற்றலை ஏற்றல் என்னும் முறையின்கீழ் தம் அனுபவத்திற்குரிய சான்றுகளை ஒப்படைத்து, மதிப்பீட்டாளர் முன்னிலையிலே வேலையைச் செய்துகாட்டித் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெறலாம். இதற்கு நைற்றாவையோ தொழிற்பயிற்சி அதிகாரசபையையோ அணுகுக. கடவுச்சீட்டு எடுப்பதற்கு முன்னர் இதனைச் செய்தல் நன்று.

5. சேருமுன் கேட்க வேண்டியவை

(அ) பாடநெறி எந்தப் படிக்குரியது? அங்கீகாரம் உண்டா?

(ஆ) கட்டணம் எவ்வளவு? பரீட்சைக்கும் மதிப்பீட்டுக்கும் வேறு பணம் செலுத்த வேண்டுமா? அரச நிலையங்களிற் பல முழுநேரப் பாடநெறிகள் கட்டணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ நடைபெறுகின்றன. அவற்றை முதலில் விசாரித்தறிந்த பின்னரே தனியார் நிலையத்தை நாடுக.

(இ) எம்மொழியிற் கற்பிக்கப்படும்? ஒரே பாடநெறி ஓரிடத்தில் தமிழிலும் வேறோரிடத்திற் சிங்களத்திலும் நடைபெறுவதுண்டு.

(ஈ) கைவேலைப் பயிற்சிக்கு இயந்திரமும் கருவியும் உண்டா? நிலையத்துக்கு நேரிற் சென்று பட்டறையைப் பார்க்க. கரும்பலகையில் மாத்திரம் கற்ற இயந்திரத்தைக் கையாற் திருத்த இயலாது.

(உ) பாடநெறி முடிவில் வேலைத்தலப் பயிற்சி உண்டா? முன்னர் பயின்றோர் இன்று எங்கே வேலை செய்கின்றனர்? அவர்களுள் இருவரையேனும் கண்டு பேசுக.

(ஊ) போய்வரும் வழி மாரிகாலத்திலும் பாதுகாப்பானதா? 2024ஆம் ஆண்டு நவம்பர் மாத வெள்ளத்தில், மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரம் அள்ளுண்டு மாணவர்கள் உயிரிழந்த துயரை இப்பகுதியார் மறந்திலர். வெள்ள நாட்களில் வருகையிற் சலுகை உண்டா எனக் கேட்டறிக. பிள்ளையை ஆபத்தான வழியில் அனுப்பற்க.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். தையல் ஒன்றே அவர்களுக்குரிய தொழில் என ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. கணினி, கணக்கியல், உணவு பதனிடல், நாற்று உற்பத்தி முதலியவற்றையும் அவர்கள் பயிலலாம். தினமும் வீடு திரும்பத்தக்க நிலையங்கள் அயலூரிலேயே இருக்கும்போது, தூரத்தைக் காரணங்காட்டி அவர்களை நிறுத்துதற்கு இடமில்லை.

6. காலம் தவறாமை

தொழிற்பயிற்சி நிலையங்கள் பல, ஆண்டில் இருமுறை, பெரும்பாலும் தைக்கும் ஆடிக்கும் அண்மையில் மாணவரைச் சேர்க்கின்றன. அதற்கு முன்னரே விண்ணப்பம் கோரப்படும். தை மாதம் பெரும்போகப் பயிர் கதிர்விடும் காலம். ஆடி மாதம் சிறுபோக அறுவடையை நெருங்கும் காலம். கமவேலை மிகுதியால் விண்ணப்பத் திகதி தவறிப்போவது இதனாலேயே. தவறினால் அரையாண்டு காத்திருக்க நேரும். ஆகவே சாதாரண தரப் பரீட்சை முடிந்தவுடன், பெறுபேறு வரும்வரை காத்திராது விசாரிக்கத் தொடங்குக. பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம உத்தியோகத்தரின் சான்று ஆகியவற்றை ஒருங்கே எடுத்து வைக்குக.

விசாரிப்பதற்குச் செல்லவேண்டிய முதலிடம் உங்கள் பிரதேச செயலகமாகும். தொழில் வழிகாட்டலுக்கும் மனிதவள அபிவிருத்திக்கும் பொறுப்பான உத்தியோகத்தரை அங்கே காணலாம். செல்லும்போது பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்க. பிள்ளையின் விருப்பத்தை அறியாது தெரிந்த தொழில் இடைநடுவிற் கைவிடப்படும். உவர்நிலத்துக்கு ஓர் இனமும் நன்னிலத்துக்கு வேறோர் இனமும் தெரியும் கமக்காரருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

விவசாயப் பயிற்சி பற்றிய விவரங்களை வேண்டுவோர் தத்தம் கமநல சேவை நிலையத்திற் கடமையாற்றும் விவசாயப் போதனாசிரியரை அணுகிக் கேட்டறிக.