மெலிந்த பிள்ளையின் கொழுப்பு

அன்பின் மருமகளுக்கு,

பிள்ளைகளுக்கு ஏன் சீனி வருத்தம் வருகிறது என்று ஆராய என்ன படிக்க வேண்டும் எனக் கேட்டிருந்தாய். மருத்துவம், அதன்பின் நோய்ப்பரவலியல். ஆனால் அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள். இந்தியாவின் பூனாவில் சித்தரஞ்சன் யாக்னிக் என்றொரு டொக்டர் இருக்கிறார். அவர் செய்ததைச் சொல்கிறேன்.

உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடும் முதலாம் வகை வேறு. அவர் துரத்தியது இரண்டாம் வகையை. ஐரோப்பியரைவிட இளவயதில், ஒல்லியான உடம்பிலும் தெற்காசியரான நம்மவர்களுக்கு அது வருகிறதே, ஏன்? 1993இல் பூனாவுக்கு அருகே ஆறு கிராமங்களில், கருத்தரிக்கும் முன்பிருந்தே பெண்களை அவரும் அவருடைய குழுவினரும் கவனிக்கத் தொடங்கினார்கள். பிறந்த குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5. அதோடு நின்றிருந்தால் சத்துக் குறைவு என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். அவர்களோ தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோலை மடித்துப் பிடித்து, இடுக்கி போன்ற கருவியால் அதன் தடிப்பையும் அளந்தார்கள். தசை குறைவு, வயிறும் சிறிசு. அந்த முதுகுக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை!

பெரியவர்களிலும் இதைக் காணலாம். யாக்னிக்குக்கும் இலண்டன் நண்பர் ஜான் யுட்கினுக்கும் உடல் நிறைச் சுட்டி ஒன்றுதான், 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. தங்கள் படத்தோடு இதை 2004இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள்.

அந்தக் கிராமக் குழந்தைகளுக்கு 18 வயதானதும் மறுபடி இரத்தம் சோதித்தார்கள். கிட்டத்தட்டப் பாதிப்பேர் நிறை குறைந்தவர்கள். அப்படியிருந்தும் ஆண்களில் 37, பெண்களில் 18 சதவீதமானோருக்குச் சீனி வழமையைத் தாண்டியிருந்தது. கர்ப்பத்தில் தாய்க்குச் சீனி கூடியிருந்தால் பிள்ளைக்கும் ஆபத்து கூடுதல் என்பதும் தெரிந்தது. இந்தப் பதிலுக்காக ஒரு தலைமுறையே வளர வேண்டியிருந்தது, மகள். விட்டுப் போகாமல் அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்களுக்குத்தான் இந்த வேலை சரிவரும். உனக்கு அந்தப் பொறுமை உண்டென்றே நம்புகிறேன்.

காரைதீவு கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் பிள்ளையைத் தராசில் வைத்து நிறை எழுதுவதைச் சின்ன வேலையாக நினைக்காதே. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷையரில் 1911 முதல் அப்படி எழுதிவைத்த பதிவேடுகளைத் தேடியெடுத்துத்தான், நிறை குறைந்து பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் நீரிழிவும் கூடுதலாக வருவதை டேவிட் பார்க்கர் என்ற ஆய்வாளர் காட்டினார்.

உன்னுடைய வளர்ச்சிக் கொப்பி அம்மாவிடம் இருக்கும். வாங்கி, பிறந்த நிறையையும் அதிலுள்ள வளர்ச்சிக் கோடு ஏறி இறங்கிய மாதங்களையும் பார். ஏன் என்று தோன்றுவதையெல்லாம் எனக்கு எழுது.

அன்புடன்,
மாமி